சிந்தாமணியும் சாமிநாதையரும்

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரைத் தமிழ்த் தாத்தா என்று பள்ளியிலே படித்து விட்டோம். தலைப்பாகையும் திருநீறுமாக ஒரு படமும் நினைவில் உண்டு. பழுத்த கிழவராகவே அவரை எண்ணிப் பழகியதனால், அவர் ஓர் இளம் ஆராய்ச்சியாளராக இருந்து தத்தளித்த காலம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விஞ்ஞானம் படிக்கும் எனக்கு அந்தக் காலத்தின் மீதே பற்று அதிகம்.

ஐயரவர்கள் 1855-இல் பிறந்தவர்; உத்தமதானபுரத்துக்காரர். தந்தையார் சங்கீத வித்துவான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டு, திருவாவடுதுறை மடத்தில் வளர்ந்து, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டு அக்டோபர் மாதம், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல் படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாக அடுக்கினார். முதலியார் சிறிதும் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை! அப்போது ஐயரவர்களுக்கு வயது இருபத்தைந்து. என்னைவிட இரண்டே வயது மூத்தவர்.

நூலைக் கையில் எடுத்தால் முதற் பாட்டிலேயே முட்டுக்கட்டை. விநாயகர் வணக்கத்தைக் காணோம். நச்சினார்க்கினியர் உரை இருந்தும், சமணக் கொள்கை தெரியாதவருக்கு அது பாதி இருட்டுத்தான். பவர் என்னும் பாதிரியார் 1868-இல் அச்சிட்டிருந்த நாமகள் இலம்பகம் ஓரளவே உதவியது. மடத்துப் புலமை இங்கே கைகொடுக்கவில்லை.

வழி எங்கே கிடைத்தது தெரியுமா? கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர் வீட்டில்! சந்திரநாத செட்டியார் என்பவரைத் தேடிச் சென்ற அன்று அவ்வீட்டில் தோரணமும் கோலமுமாக விழாக்கோலம். விசாரித்தால், ஆறு மாதமாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதாம். தமிழ்ப் புலவர் பலர் கண்ணாலும் காணாத நூல், ஒரு வீட்டுத் திண்ணைக்குப் பின்னால் வழிபாடாக வாழ்ந்து கொண்டிருந்தது. அன்று முதல் ஐயரவர்கள் அவர்களிடம் மாணாக்கரானார். பேராசிரியர் என்ற பட்டத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டார் என்றே சொல்லலாம். வீடூர் அப்பாசாமி நயினார் போன்ற அறிஞரிடம் ஐயம் கேட்டார். மணிப்பிரவாள நடையிலமைந்த ஸ்ரீபுராணத்தைப் படித்தார். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியின் பொருளையும் பிற குறியீடுகளையும் அவர்கள் வாய்மொழியாலேயே அறிந்தார். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிரைச் சமணர் பவ்வியர் என்பர். திருநீறணிந்த இவரையும் அவர்கள் பவ்வியர் என்றே மதித்தனர். எந்தப் பல்கலைக் கழகம் தரும் பட்டமும் இதற்கு ஈடாகாது என்பது என் கட்சி.

கொள்கை தெளிந்தாலும் பாடம் தெளிய வேண்டுமே. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். மூலமும் உரையும் ஒன்றோடொன்று கலந்து ஓடும். ஊர் ஊராகச் சுவடி திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்து வைத்தார். ஒரே சோதனையைப் பல முறை செய்து அளவுகளை ஒப்பிடும் நம் ஆய்வுக்கூடத்து வேலையும் இதுவே. அவருக்குக் கருவி கண் ஒன்றுதான். நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் காட்டும் மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடப் போய், ஆதீனத்து ஏடுகளிடையே சங்க நூல்களைக் கண்டெடுத்தார். ஒரு சிறு கேள்வி இழுத்துக்கொண்டு போன தூரத்தைப் பாருங்கள்!

கையொப்பக்காரரிடம் பணம் சேர்த்துச் சென்னையில் அச்சிட்டு, 1887-இல் சிந்தாமணி முழுவதும் வெளிவந்தது. முதலியாரைக் கண்டு ஏழாண்டுகள்! கண்டனங்களும் வராமலில்லை. அவற்றுக்கு மறுப்பெழுதிக் காலம் போக்காமல் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று மேலே சென்றார்.

மணிமேகலைக்கு வந்தபோது பழைய சிக்கல் புதிய சமயத்தோடு வந்தது. இம்முறை பௌத்தம். சமணருக்குச் சமணர் ஊரிலேயே இருந்தனர். தமிழ்நாட்டில் பௌத்தருக்கு எங்கே போவது? மளூர் ரங்காசாரியார் என்ற அறிஞர் பௌத்த நூல்களைக் கற்று இவருக்கு விளக்கினார். 1898-இல் மணிமேகலை வெளிவந்தபோது, புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் சங்கத்தையும் பற்றி எளிய உரைநடையில் தாமே எழுதி உடன் சேர்த்திருந்தார், திருவாவடுதுறை மடத்து மாணாக்கர்.