அலெக்சாண்டர் கிரகாம் பெல்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் (மார்ச் 3, 1847 - ஆகஸ்ட் 2, 1922) ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்த கண்டுபிடிப்பாளர் ஆவார். 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமம் பெற்றார். உலோகங்காணும் கருவியில் இவர் ஆற்றிய பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டார். எக்ஸ் கதிர்கள் அறியப்படாத அக்காலத்தில், உடலுள் தங்கிய குண்டை மருத்துவர்களால் காண இயலவில்லை. டேவிட் ஹியூஸ் அமைத்த தூண்டல் சமநிலைக் கருவியைப் பெல் இதற்கென மேம்படுத்தினார். சமநிலையில் வைக்கப்பட்ட கம்பிச்சுருள்களின் அருகே உலோகம் வந்தால் தொலைபேசியில் ஒலி எழும். அகன்ற சுருள் ஆழத்தில் உள்ளதை உணரும், ஆனால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாது. சிறிய சுருளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஆகவே பெல் பல அளவிலும் வடிவிலும் சுருள்களைச் சோதித்தார். உள்நாட்டுப் போரில் பாய்ந்த குண்டை உடலில் சுமந்திருந்த முன்னாள் படைவீரரிடம் கருவி சரியாகவே செயற்பட்டது.

கார்பீல்டிடம் ஜூலை 26, ஆகஸ்ட் 1 ஆகிய நாட்களில் நடந்த சோதனைகள் பயனளிக்கவில்லை. முதல் நாளில் மின்தேக்கி தவறாக இணைக்கப்பட்டிருந்தது. மெத்தையின் அடியில் எஃகுக் கம்பிகள் இருந்ததைப் பெல் பின்னரே அறிந்தார். மேலும் தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்புறம் இருப்பதாகக் கருதி அப்பக்கத்தையே தேடச் செய்தார். செப்டம்பர் 19-இல் கார்பீல்ட் இறந்தார். பிணக்கூறாய்வில் குண்டு முதுகெலும்பின் இடப்புறம் காணப்பட்டது.