கல்நார்த் தூசியை ஆராய்ந்த டாக்டர்

கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் தூசி புற்றுநோய் விளைவிப்பதை ஐயமற நிலைநாட்டியவர்களுள் முக்கியமானவர் டாக்டர் இர்விங் செலிகாஃப்.

1915-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்த இவர், முதலில் காசநோய் மருத்துவத்தில் புகழ் பெற்றார். ஐசோநயாசிட் மருந்து ஆராய்ச்சிக்காக 1955-ல் லாஸ்கர் பரிசைச் சக டாக்டர்களுடன் பகிர்ந்துகொண்டார்.

நியூஜெர்சி மாநிலம் பேட்டர்சனில் இவர் நடத்திய மருத்துவ நிலையத்துக்குக் கல்நார் ஆலைத் தொழிலாளர்கள் வந்தனர். பலருக்கும் நுரையீரல் கெட்டிருந்தது. காரணம் அறிய முனைந்த டாக்டர், தொழிற்சங்கத்தின் உதவியை நாடினார். குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் உறையிடும் தொழிலாளர் சங்கத்தின் பதிவேட்டில், 1942 இறுதியில் இருந்த 632 பேரின் கதியை ஆராய்ந்தார். நுரையீரலிலோ அதன் உறையிலோ புற்றுநோய் கண்டு ஆறேழு பேரே இறந்திருக்கக்கூடும். ஆனால் மாண்டவர்கள் 45 பேர்! 1964-ல் இம்முடிவு வெளியாயிற்று. புகைபிடிக்கும் கல்நார்த் தொழிலாளிக்கு அபாயம் பன்மடங்கு என்பதையும் 1968-ல் எடுத்துக்காட்டினார்.

கல்நார் முதலாளிகளின் கடும் எதிர்ப்புக்கிடையே பணியாற்றிய டாக்டர், 1992-ல் காலமானார்.

தூசி உட்சென்று பல ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்படும். எனவே பழைய பதிவேடே சாட்சி. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்கும்படி நமது சுப்ரீம் கோர்ட் 1995-ல் உத்தரவிட்டதும் இதனால்தான்.