நாய்க்கும் பசுவுக்கும் சமாதி ஏன்? நோயுற்ற விலங்குகளைப் பக்கத்தில் இருந்து கவனித்த ரமண மகரிஷியின் கதை

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குள்ளும் ஒரு எட்டு போய்விட்டு வருவார்கள். ரமணர் சமாதி, தாயாருக்கு எழுப்பிய மாத்ருபூதேஸ்வரர் கோயில், பழைய ஹால்... பார்த்ததும் கிளம்பிவிடுவார்கள். 14 கிலோ மீட்டர் நடக்கணுமே!

கொஞ்சம் நிதானமாகச் சுற்றினால் அதே வளாகத்துக்குள் வேறு சில சமாதிகளும் கண்ணில் படும். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்கள் லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காகம்.

கோவணம் தவிர எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத ஒரு துறவியின் ஆசிரமத்தில் நாய்க்குச் சமாதி எப்படி வந்தது? வீட்டில் நோயாளிப் பூனையையோ நாயையோ வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

யார் இந்த ரமணர்?

இயற்பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல், அம்மா அழகம்மாள். 1892-ல் அப்பா இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தார். 16 வயதில், 1896 ஜூலையில், திடீரென வந்த மரண பயம் அவரை மாற்றிப் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று வீட்டில் சொல்லாமல் கிளம்பியவர், செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதன் பிறகு அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

முதலில் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம். பிறகு இருட்டான பாதாள லிங்கம். அங்கே பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகியும் அவருக்கு உடம்பு நினைவே இல்லை. மற்றவர்கள்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். 1899-ல் மலை மேல் விரூபாட்ச குகைக்குப் போனார். 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமம். 1922 மே மாதம் தாயார் இறந்தபின் அவர் சமாதியை ஒட்டி மலையடிவாரத்தில் உருவானதுதான் இன்றைய ஆசிரமம்.

அவரது உபதேசம், நூல்கள் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விலங்குகளோடு அவர் வாழ்ந்த வாழ்க்கை அந்த அளவு பேசப்படுவதில்லை.

'அது' என்று சொன்னதே இல்லை

தமிழ் இலக்கணத்தில் விலங்குகள் அஃறிணை. நாய் வந்தது, பசு மேய்ந்தது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். ரமணர் இந்த விதியைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆசிரமத்தில் இருந்த எந்த விலங்கையும் அவர் அது, இது என்று குறிப்பிட்டதில்லை, அவன், அவள்தான். பசங்க சாப்பிட்டாச்சா என்று அவர் விசாரித்தால், புதிதாக வந்தவர் யாரோ சிறுவர்களைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் கேட்டது நாய்களைப் பற்றி.

பந்தியிலும் ஒரு வரிசை இருந்தது. முதலில் நாய்கள், அடுத்து பிச்சைக்காரர்கள், கடைசியில்தான் பக்தர்கள். இதில் ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். அதே ஆசிரமத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அன்று பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரிவினை இருந்தது. நாய்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

நொண்டி ராஜாவான கதை

விரூபாட்ச குகை நாட்களில் சுற்றிலும் குரங்குக் கூட்டம். ஒருநாள் கூட்டத்தின் தலைவன் கடித்துக் குதறியதில் குட்டிக் குரங்கு ஒன்று குகைக்குப் பக்கத்தில் கிடந்தது. கூட்டம் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. ரமணர் எடுத்து வைத்துக் காயத்தைக் கவனித்தார், ஊட்டினார். பிழைத்துக்கொண்டான், ஆனால் கால் நொண்டியாகிவிட்டது. பெயரும் நொண்டி என்றே ஆகிவிட்டது.

ரொம்ப சுத்தமான ஆள். சாப்பிடும்போது ஒரு பருக்கை சிந்த மாட்டான். ஒருமுறை சிந்திவிட்டான் என்று ரமணர் கண்டித்ததும் கோபம் வந்து அவர் முகத்திலேயே, கண்ணுக்குப் பக்கத்தில், ஒரு அடி வைத்துவிட்டான். தண்டனையாகச் சில நாட்கள் மடியில் உட்கார அனுமதி இல்லை. பிறகு கெஞ்சிக் கூத்தாடி இடத்தைத் திரும்பப் பிடித்துவிட்டான்.

மனிதன் தொட்டு வளர்த்த குரங்கைக் கூட்டம் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாது என்பார்கள். நொண்டியைச் சேர்த்துக்கொண்டது மட்டும் இல்லை, பின்னாளில் அவன் அந்தக் கூட்டத்துக்கே ராஜா ஆகிவிட்டான் என்கின்றன ஆசிரமப் பதிவுகள்.

இன்னொரு சம்பவம். மலையில் நடந்து போகும்போது ஒரு நாய் அணிலைத் துரத்தியது. குறுக்கே கைத்தடியை நீட்டித் தடுக்கப் போன ரமணர் சறுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. அணில் தப்பித்தது.

ஜாக்கியின் கடைசி நாட்கள்

ஜாக்கி குட்டியாக ஆசிரமத்துக்கு வந்தவன். மற்ற நாய்களோடு ஓடியாடி விளையாடுகிற ரகம் இல்லை. பக்தர் ஒருவர் கொடுத்த காவித் துணியில் ரமணருக்கு எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பான். பிரசாதம் கொடுத்தாலும் ரமணர் வாயில் வைத்த பிறகுதான் சாப்பிடுவான். ராமசாமிப் பிள்ளை என்ற பக்தர் தினமும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, உடம்பில் ஒட்டிய உண்ணியை எல்லாம் எடுத்துவிடுவார்.

பிறகு நோய் வந்தது. ரமணர் மெத்தென்று ஒரு படுக்கை போடச் சொல்லி, வேண்டியதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். நாள் போகப் போக ஜாக்கி மெலிந்தான். உடம்பிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. விலங்கு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், பலரும் விலகத் தொடங்குகிற கட்டம் இதுதான். ரமணரின் கவனிப்பில் எதுவும் குறையவில்லை. எடுத்து அணைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தார். அவர் கையிலேயே ஜாக்கியின் உயிர் பிரிந்தது. ஆசிரமத்துக்குள்ளேயே அடக்கம் செய்து நினைவிடமும் எழுப்பினார்கள்.

இன்றைக்கு இருந்தால்?

அந்தக் காலத்தில் ஒரு நாய்க்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே வந்துவிட்டது; ஆனால் மாட்டுக்கும் குதிரைக்கும் கிடைத்த கவனம் நாய், பூனைக்கு வர ரொம்ப நாள் ஆனது. படுக்கை, பால், தடவிக் கொடுக்கும் கை... அவ்வளவுதான் மருந்து.

இன்று நிலைமை வேறு. உதாரணத்துக்கு, பூனைக்கு வரும் சுகர். ரமணர் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த 1921-ல்தான் கனடாவின் டொரண்டோவில் ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். கணையம் அகற்றப்பட்ட நாய்கள் மேல்தான் அந்தச் சோதனைகள் நடந்தன. நாய்கள் உயிரைக் கொடுத்துக் கிடைத்த மருந்து, பல பத்தாண்டுகள் கழித்து நாய்க்கும் பூனைக்குமே திரும்பி வந்திருக்கிறது.

பூனை வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் சுகராக இருக்கலாம். சில பூனைகள் பின்னங்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கும். ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில் தினமும் இரண்டு ஊசி, வீட்டிலேயே போட வேண்டியிருக்கும். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கி, மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போவதும் உண்டு.

ஊசி போடுவது நினைக்கிற அளவு கஷ்டம் இல்லை. முதுகுப் பக்கத்துத் தோலை லேசாகத் தூக்கிப் பிடித்துப் போடுவது. ஊசி ரொம்ப மெல்லியது, பல பூனைகள் சாப்பிட்டுக்கொண்டே இருந்துவிடும். தவறு நடப்பது அளவில்தான். இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு வேறு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஓரிரு யூனிட்டில் சிகிச்சை தொடங்கும் ஒரு பூனைக்கு அது உயிர்ப் பிரச்சினை. வீட்டில் தாத்தா பாட்டிக்கு வாங்கிய சிரிஞ்சை எடுத்துப் போடுகிற வேலையே கூடாது.

பூனை சாப்பிடவில்லை என்றால் ஊசி போடும் முன் டாக்டருக்கு போன் போடுங்கள். ஊசி சரியாக இறங்கியதா, வெளியே சிந்திவிட்டதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. அடுத்த நேரம் வரை பொறுக்கலாம், ஒரு வேளை குறைவதை விட இரட்டிப்பாவதுதான் ஆபத்து. தள்ளாடுவது, சோர்ந்து விழுவது, உடம்பு இழுப்பது எல்லாம் சர்க்கரை இறங்கிவிட்டதன் அறிகுறி. உடனே தேனையோ குளுக்கோஸ் தண்ணீரையோ ஈறில் தடவிவிட்டு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. உறைந்துபோன மருந்து வேலை செய்யாது. எத்தனை யூனிட் என்பதை டாக்டர் மட்டுமே முடிவு செய்யணும். பக்கத்து வீட்டுப் பூனையின் அளவு உங்கள் பூனைக்குச் சரிவராது.

கேட்க மலைப்பாக இருக்கும். காலை ஆறு, மாலை ஆறு என்று வருஷக்கணக்கில் ஒரு பூனைக்காக வீட்டில் காத்திருக்க முடியுமா என்று வீட்டுக்கு வீடு சண்டையே நடக்கிறது. வெளியூர்க் கல்யாணத்துக்குக்கூட இரண்டு பேரும் சேர்ந்து போக முடியாது.

வள்ளி, லட்சுமி

மான் வள்ளி ரமணரின் பாதத்தில் தலை வைத்துப் படுக்கிற அளவு பழகியவள். ஆடுகளோடு மேயப் போன இடத்தில் தாக்கப்பட்டு, படுகாயத்துடன் தூக்கி வரப்பட்டாள். கட்டுப் போட்டுப் பார்த்தார்கள்; தேறவில்லை. கடைசி நாள் அதிகாலை இருட்டில் ரமணர் எழுந்து வந்து, விடியும் நேரத்தில் அவள் உயிர் பிரியும் வரை, மேலே கை வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

லட்சுமியின் கதை நீளமானது. 1926-ல் குடியாத்தம் பக்கத்து பக்தர் ஒருவர் தாய்ப்பசுவோடு கன்றையும் ஆசிரமத்துக்குக் கொடுத்தார். வைத்துப் பார்த்துக்கொள்ள அப்போது வசதி இல்லாததால் ஊருக்குள் ஒருவர் பொறுப்பில் விட்டார்கள். வழி தெரிந்துகொண்ட லட்சுமி தினமும் தானாகவே நடந்து வந்து ரமணரைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினாள். பிறகு ஆசிரமத்திலேயே கோசாலை எழுந்தது. ரமணர் ஜெயந்தி அன்றே கன்று ஈன்றதும் உண்டு. மலையில் ரமணருக்குக் கீரை சமைத்துக் கொடுத்த ஏழை மூதாட்டி கீரைப்பாட்டிதான் லட்சுமியாகப் பிறந்து வந்தாள் என்று பக்தர்கள் நம்பினார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

1948 ஜூனில் லட்சுமி படுத்துவிட்டாள். 18-ம் தேதி வெள்ளிக்கிழமை காலை ரமணர் தொழுவத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, அவள் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு 68 வயது. மூட்டு வலியால் உட்கார்ந்து எழுவதே சிரமம். அன்று பகலில் லட்சுமி இறந்தாள். இறந்த ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் வைத்து, அவள் முக்தி அடைந்ததாக ரமணரே தமிழில் ஒரு வெண்பா எழுதினார். பசுவுக்கு முக்தியா என்று அன்றே விவாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை.

ரமணருக்கே நோய் வந்தபோது

லட்சுமி இறந்த சில மாதங்களில் ரமணரின் இடது முழங்கைக்குப் பக்கத்தில் சின்னக் கட்டி ஒன்று தோன்றியது. 1949 பிப்ரவரி 9 அன்று அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். திரும்ப வந்தது. மார்ச்சில் இரண்டாவது முறை, ஆகஸ்ட்டில் மூன்றாவது முறை, டிசம்பர் 19 அன்று நான்காவது முறை. சார்கோமா எனும் புற்றுநோய். கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. மற்றபடி எந்த வைத்தியம் வேண்டும் என்றும் கேட்கவில்லை, கொடுத்ததைத் தடுக்கவும் இல்லை. அலோபதி, ஹோமியோபதி, நாட்டு வைத்தியம் என்று பக்தர்கள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பார்க்க வருகிறவர்களை நிறுத்தக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். கடைசி நாள் வரை வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

1950 ஏப்ரல் 14, இரவு 8.47 மணிக்கு ரமணர் மறைந்தார். வயது 70. அப்போது திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான், வானில் ஒரு ஒளி நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார்.

தாயார் சன்னதிக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். ஜாக்கி, வள்ளி, லட்சுமி இருக்கும் இடத்துக்கு அங்கிருந்து சில நிமிட நடைதான்.