சம்பங்கிக்கு மகுடம் சூட்டிய பெண்

காரைக்காலில் பல வீடுகளுக்கு பாரிஸ் நகரத்தில் உறவு உண்டு. விடுமுறைக்கு அவர்கள் வந்து இறங்கினால், பெட்டி திறப்பதற்குள் வீட்டுப் பெண்கள் சூழ்ந்து கொள்வார்கள். ஸெண்ட் புட்டி வருமல்லவா!

அந்தப் புட்டிகளில் ஒன்று 'பிராக்கா'வாக இருந்துவிட்டால், பெயரைப் படிக்கவே வேண்டாம். மூடியைத் திறந்ததுமே பாட்டிமார்கள் சொல்லி விடுவார்கள். கல்யாண மாலையில் கட்டும் அதே சம்பங்கி!

பிராக்கா என்றால் பிரெஞ்சு மொழியில் பெரும் ஆரவாரம் என்று பொருள். புட்டியின் மேல் ரொபேர் பிகே என்ற பெயர் இருக்கும். அவர் நாகரிக உடை தைத்தவர். மணத்தைப் படைத்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் ஜெர்மேன் ஸெல்லியே.

ஒத்துப் போகாதவர்

1909-ல் போர்தோ நகரில் பிறந்தார். பாரிஸ் சென்று ரசாயனம் படித்தார். பிறகு, வாசனைத் திரவியங்களுக்குப் பேர்போன கிராஸ் நகரத்து ரூர் கம்பெனியில் சேர்ந்தார்.

நல்ல உயரம். பொன்னிறக் கூந்தல். விரலிடுக்கில் ஓயாமல் சிகரெட். மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லும் நாக்கு. அந்தத் தொழிலில் அப்போது பெண்கள் மிகவும் அபூர்வம். ஆண் நிபுணர்களுக்கும் அம்மையாருக்கும் ஒத்துப் போகவில்லை. கம்பெனி என்ன செய்தது? அவரை வெளியே அனுப்பவில்லை. தனிச் சோதனைக்கூடமே அமைத்துக் கொடுத்தது! அந்தச் சச்சரவு வந்ததே நல்லது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அம்மையாரின் கை தாராளமான கை. மற்றவர்கள் துளியாகச் சேர்க்கும் சரக்கை இவர் அள்ளிப் போடுவார். 1944-ல் பிகேவுக்காகச் செய்த 'பாந்தி'யில் தோல் வாடை அடித்தது. 'பாந்தி' என்றால் கொள்ளைக்காரன். 1947-ல் பல்மேன் என்ற உடைக் கலைஞருக்காகப் 'பச்சைக் காற்று' செய்தார். அதில் நூற்றுக்கு 8 பங்கு கால்பனம் என்ற பிசின். நம் அடுக்களைப் பெருங்காயத்துக்கு அது நெருங்கிய உறவு!

ஒரு சொட்டு போதும்

1948-ல் வந்தது பிராக்கா. அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்து கொண்டிருந்தது. பிரான்ஸிலோ யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. அந்தப் பஞ்சத்தில் இப்படி ஒரு தாராளம்!

சம்பங்கி மெக்ஸிகோவிலிருந்து உலகெங்கும் பரவிய பூ. அந்தி சாய்ந்தால்தான் அதற்கு வேகம் வரும். பறித்த பிறகும் நெடுநேரம் மணம் விட்டுக் கொண்டே இருக்கும். அதனால்தான் கிராஸ் நகரில் அந்தக் காலத்தில் கொழுப்புத் தடவிய கண்ணாடிப் பலகையில் பூவைப் பரப்பி, வாடியதை எடுத்துப் புதிது வைத்து, மணம் முழுவதையும் கொழுப்பில் இறக்கினார்கள். விலையோ ஏராளம். இன்று சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் விடியலில் பறிக்கும் சம்பங்கி, மெழுகு போன்ற சத்தாகி பிரான்ஸுக்குக் கப்பல் ஏறுகிறது.

மல்லிகையையும் ஆரஞ்சுப் பூவையும் தோழிகளாக்கி, அடியில் சந்தனம் வைத்து, சம்பங்கியை அம்மையார் அரியணையில் ஏற்றினார். கூச்சப்படும் பெண்ணுக்கு ஆகாத மணம் இது. பூசியவர் வருமுன் மணம் அறைக்குள் வந்துவிடும். தலைவலி என்று ஓடுபவர்களும் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இரண்டு சொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், பக்கத்து ஸீட் காலியாகும்! ஆனால் பிடித்துப் போனவர்கள் ஆயுள் முழுவதும் அதை விடுவதில்லை.

மறைந்த சரக்குகள்

பிகே 1951-ல் கடையை மூடினார்; 1953-ல் காலமானார். ஸெல்லியே அம்மையார் 1976-ல் மறைந்தார். வாசனை உலகத்துக்கு வெளியே அப்போது அவரை அறிந்தவர்கள் சிலரே.

1990-களில் பிராக்காவுக்கு மறுவாழ்வு தர முயன்றவர்கள் திணறினார்கள். பல மணங்களை முன்கூட்டியே கலந்து விற்கும் ஆயத்தக் கலவைகளை அம்மையார் நிறையப் பயன்படுத்தியிருந்தார். அவற்றில் பல, கடைகளிலிருந்தே மறைந்து போயிருந்தன. ஒவ்வொன்றாக மாற்றுச் சரக்குத் தேடி ஈடு கட்ட வேண்டியிருந்தது.

கறுப்புப் புட்டி இன்றும் விற்பனையாகிறது. அதன்மேல் பிகேயின் பெயர்தான் இருக்கிறது.