தண்ணீர்ப்பந்தலில் ஒரு பெயர்

7ஆம் நூற்றாண்டில் திருவாமூரில் தோன்றிய திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். அவர் திங்களூர் சென்றதை மட்டும் இங்கு நினைவுகூர விழைகிறேன்.

அவ்வூர்த் தண்ணீர்ப்பந்தலில் சுவாமிகள் தம் பெயரையே கண்டார். அமைத்தவர், அவரை முன்பின் கண்டிராத அப்பூதியடிகள். தம் மக்களுக்கும் பசுவுக்கும் எருமைக்கும் துலாக்கோலுக்கும்கூட அப்பெயரையே இட்டவர். சொந்தப் பெயரை ஏன் எழுதவில்லை என்று சுவாமிகள் வினவ, ஆளறியாத அப்பூதியார் வெகுண்டார். (நம் தைப்பூசப் பந்தல்களில் நன்கொடையாளர் பெயர் விடுபட்டால் எழும் கோபம் வேறு வகை.) வந்தவர் யாரென அறிந்ததும் அடிபணிந்து, அமுதுண்ண அழைத்தார்.

வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டியது. விருந்து தடைப்படலாகாதென்று விரைந்து வந்து, அதனை அன்னையிடம் கொடுத்தபின்பே அவன் வீழ்ந்தான். பெற்றோரும் உடலை மறைத்துவிட்டு விருந்துக்கு ஆயத்தம் செய்தனர். திருநீறு அளிக்கையில் மூத்தவன் எங்கே எனச் சுவாமிகள் கேட்டார், உண்மை வெளிப்பட்டது. உடலைக் கோயில்முன் கொணர்வித்துப் பதிகம் பாடினார். மகன் எழுந்தான்.

அப்பொழுதும் அப்பூதியார் மகிழவில்லை. அடியவர் அமுதுசெய்யத் தாமதமாயிற்றே என்றே வருந்தினார். சுவாமிகள் அவ்வருத்தம் கண்டு, அவர் இல்லம் சென்று, அவரையும் மைந்தர்களையும் உடன் அமர்த்திக்கொண்டு உண்டார்.