பெட்ரோல் இல்லையா? கரியைப் போடு! யார் இந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்?

கம்பம் பக்கம் எந்தத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனாலும் வரப்போரமா ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நிற்கும். 2020ல் பிஎஸ்-6 விதி வந்தபோது அந்த வண்டியில் கார்புரேட்டர் போய், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இன்ஜினுக்கு எரிபொருள் போகிற வழியை மாற்றுவது அந்தப் பெயருக்குப் புதுசு இல்லை. 80 வருஷத்துக்கு முன்னாடியே செய்தாச்சு, அதுவும் பெட்ரோலே இல்லாமல்!

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1877ல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். டிவிஎஸ்ஸில் இருக்கிற 'டி' அந்த ஊர்தான். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, பேங்க் வேலை என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் மதுரைக்கு வந்து பஸ் விட்டார். மாட்டு வண்டி காலத்தில் நேரத்துக்குக் கிளம்பும் பஸ் என்பதே அதிசயம். டிவிஎஸ் பஸ்ஸைப் பார்த்து மதுரைக்காரர்கள் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று இன்றும் சொல்வதுண்டு.

போர் வந்தது, பெட்ரோல் போனது

1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. மலேயாவும் விழுந்ததால் ரப்பருக்கும் தட்டுப்பாடு. பெட்ரோல் ரேஷன் ஆனது.

இதில் தேனி, போடி, கம்பம் வட்டாரத்துக்கு இரட்டை அடி. 1928ல் வந்த மதுரை - போடி ரயில் பாதையையும் போர்த் தேவைக்காகக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஏலக்காயோ பருத்தியோ, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியோ, எல்லாருக்கும் மிச்சம் இருந்தது ரோடு மட்டும்தான். ரோட்டில் ஓட வண்டிக்குப் பெட்ரோல் வேண்டுமே?

அப்போதுதான் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் வந்தது. விஷயம் இதுதான். பஸ்ஸோடு ஒரு பெரிய இரும்பு உருளையை மாட்டுவார்கள். அதில் மரக்கரி. காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் கரி முழுசா எரியாது. கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். இதை அப்படியே இன்ஜினுக்குள் விட முடியாது. சூடு தணித்து, தூசியையும் சாம்பலையும் வடிகட்டி, தேவையான காற்றைக் கலந்து அனுப்ப வேண்டும். கார்புரேட்டர் வழியா பெட்ரோல் வந்த இடத்தில் இப்போது இந்த வாயு. இன்ஜின் அதேதான், சாப்பாடுதான் வேற.

கேட்க ஈஸியா இருக்கும். ஆனா காலையில் முதல் டிரிப்புக்கு முன்னாடியே யாராவது வந்து அடுப்பு மூட்டி, காற்று அடித்து, வாயு தயாராகும்வரை காத்திருக்கணும். பெட்ரோலில் கிடைத்த இழுவை கிடைக்காது. தேனி ரோட்டில் சமாளித்துவிடலாம். குமுளி மாதிரி மலை ஏற்றத்தில் இந்த மாதிரி இன்ஜின் திணறும். சாம்பலை அள்ளுவது இன்னொரு வேலை. வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து, வாசனைகூட இருக்காது. நல்ல வண்டின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா வண்டி ஓடியது!

டயர் பிரச்னைக்கும் அவரிடம் பதில் இருந்தது. தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையை ஆரம்பித்தார். யோசித்துப் பார்த்தால், கேஸ் பிளான்ட்டைவிட இதுதான் நீண்ட நாள் நின்றது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரி உருளைகளை எல்லோரும் கழற்றிப் போட்டார்கள்.

தொழிலை மகன்கள் கையில் விட்டுவிட்டு ஒதுங்கினார் சுந்தரம் ஐயங்கார். மகள் சௌந்தரம் டாக்டருக்குப் படித்து, 1947ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

1955 ஏப்ரல் 28ல், பெரியகுளத்துக்கு மேலே தெரிகிற அதே கொடைக்கானல் மலையில் அவர் காலமானார். டிவிஎஸ் 50 மொபெட் ரோட்டுக்கு வந்தது 1980ல். அதை அவர் பார்க்கவே இல்லை.