இலண்டன் சென்ற வரகனேரியார்

திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றில் நிற்கும் கபிலர் குன்றை நம் இலக்கிய வட்டத்து அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். பறம்பு வீழ்ந்தபின் பாரி மகளிரை அழைத்துக்கொண்டு அயல்நாடு புகுந்த கபிலர் உயிர் நீத்த இடமென்று அதனைப் போற்றி வருகிறோம். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் நிலைகொள்வதன் அருமையை அறிந்த நிலப்பகுதி நம்முடையது. இன்று ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகளும் மேற்படிப்புக்காகக் கடல் கடக்க எண்ணுகின்றனர். அவர்களிடம் பெற்றோர் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றியன்று. அங்கே சோற்றுக்கு என்ன செய்வாய் என்பதுதான். எளிய கேள்வி போலத் தோன்றும் இதுவே ஒரு பெருமகனாரின் வாழ்வில் தொடக்கம் முதல் இறுதி வரை தொடர்ந்து வந்தது. அவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்னும் வ.வே.சு. ஐயர்.

திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியான வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் ஐயர் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அங்கே இலத்தீன் மொழியையும் கற்றார். பின்னர் பிளீடர் தேர்வில் தேறித் திருச்சியில் வழக்குரைஞரானார். அடுத்து இரங்கூன் சென்று தொழில் நடத்தினார். அங்கிருந்து 1907இல், பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் இலண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு; மணமாகிக் குடும்பப் பொறுப்பும் ஏற்றிருந்தவர். கடல் கடந்தவரைக் குலத்தார் விலக்கி வைப்பதும், திரும்பி வந்தால் கழுவாய் செய்யச் சொல்வதும் வழக்கமாயிருந்த காலம் அது.

இலண்டனில் அவர் சேர்ந்தது லிங்கன்ஸ் இன் என்னும் பழம்பெரும் சட்ட விடுதி. பாரிஸ்டர் ஆவதற்கு நூலறிவும் தேர்வும் மட்டும் அந்நாளில் போதா. ஒவ்வொரு பருவத்திலும் குறித்த எண்ணிக்கையிலான விருந்துகளில் மாணவர் கலந்துகொண்டாக வேண்டும். நீண்ட மேசைகளில் மூத்த வழக்குரைஞர்களும் மாணவர்களும் ஒருங்கே அமர்வர். உடன் உண்டு பழகுவதே ஒரு தொழிற்குழுவுக்குள் புகும் வழியென்று ஆங்கிலேயர் கருதினர். புலாலும் மதுவும் நிறைந்த அம்மேசை, தமிழ்நாட்டு வைதிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு எத்துணை அயலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சட்டம் பயிலச் செல்கிறவன் எதிர்கொள்ளும் முதற் பாடம் உணவுக்கூடத்திலேயே காத்திருந்தது.

அந்நகரில் ஐயருக்கு மற்றொரு பந்தியும் வாய்த்தது. வடஇலண்டனில் ஹைகேட் பகுதியில், குரோம்வெல் அவென்யூவில் 65ஆம் எண்ணுள்ள இல்லம் அது. சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905இல் இந்திய மாணவர்க்கென அமைத்த அவ்விடுதிக்கு இந்தியா ஹவுஸ் என்று பெயர். மராட்டியரும் பஞ்சாபியரும் வங்காளியரும் தமிழரும் அங்கே கூடினர். பிறந்த நாட்டில் ஒருவர் வீட்டு அடுக்களையை மற்றவர் எட்டியும் பார்க்க இயலாத இளைஞர்கள், அங்கே ஒரே உலையில் வெந்ததைப் பகிர்ந்துண்டனர். தமிழருள் ஐயரோடு மருத்துவம் பயின்ற தி.சே.சௌ. ராஜனும் இருந்தார். சாவர்க்கருடன் ஐயருக்கு நெருங்கிய தோழமை ஏற்பட்டதும் இங்கேதான். சாவர்க்கர் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றி மராத்தியில் எழுதிய நூல் 1909இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, அம்மொழிபெயர்ப்புப் பணியில் ஐயருக்கும் பங்கிருந்தது. இலண்டனில் இருந்துகொண்டே பாரதியாரின் இந்தியா இதழுக்கும் அவர் எழுதி வந்தார்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் இலண்டன் வாழ் இந்தியர் தசரா விழா எடுத்தனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகள் அதற்குத் தலைமை தாங்கினார். விருந்துச் சமையலை மாணவர்களே ஏற்றுக்கொண்டனர். அன்று நிகழ்ந்ததை டாக்டர் ராஜன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மெலிந்த ஒருவர் முன்னதாகவே வந்து, யார் என்று சொல்லிக்கொள்ளாமல், சமையலறை வேலைகளில் கலந்துகொண்டாராம். தொண்டு செய்ய வந்த யாரோ என்று இளைஞர்களும் இருந்துவிட்டனர். பிறகு அங்கே வந்த ஐயரே அவரை அடையாளம் கண்டு திகைத்தாராம். ஆயுதப் புரட்சியை நம்பியிருந்த ஐயரும் அறவழியை நம்பிய அடிகளும் கொள்கையில் வடக்கும் தெற்குமாக நின்றவர்கள். எனினும் அன்று இருவரும் ஒரு விருந்தில் உடனிருந்தனர். பின்னாளில் ஐயர் காந்திய நெறிக்குத் திரும்பியதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆயினும் அந்தச் சமையலறையை மறந்துவிட்டு அம்மாற்றத்தை எண்ணிப் பார்க்க இயலவில்லை.

இதற்கிடையே காலம் கொடியதாயிற்று. இந்தியா ஹவுஸோடு தொடர்புடைய மதன்லால் திங்கரா, 1909 ஜூலை முதல் நாளன்று கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்று தூக்குமேடை ஏறினார். ஒற்றர் கண்கள் இந்திய மாணவரை விடாது தொடர்ந்தன. 1910 மார்ச்சில் சாவர்க்கர் சிறைப்பட்டார். ஐயர் பாரிஸ்டர் தேர்வில் தேறியிருந்தும், மன்னருக்கு உண்மையாயிருப்பேன் என்னும் உறுதிமொழியைக் கூற மறுத்துப் பட்டத்தைத் துறந்தார். மூன்றாண்டு உழைப்பும் குடும்பம் சுமந்த செலவும் ஒரு சொல்லில் கைவிடப்பட்டன. மாறுவேடத்தில் ஐரோப்பாவைக் கடந்து தப்பினார். பெட்டியில் பொறித்திருந்த தம் பெயரின் முதலெழுத்துகளுக்கு விக்கிரம் சிங் என்று விளக்கம் தந்து ஒற்றரை ஏய்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1910இன் இறுதியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார்.

பட்டமின்றித் திரும்பினார் என்றாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஐரோப்பியப் பேரிலக்கியங்களைக் கற்ற கண்ணோடு தமிழை நோக்கும் ஆற்றலை அவர் கொண்டுவந்திருந்தார். புதுச்சேரியில் பாரதியார், அரவிந்தர் ஆகியோர் அவருக்குத் தோழராயினர். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியபின், புதுச்சேரியில் தங்கியிருந்த தேசபக்தர்களை ஆப்பிரிக்காவுக்குக் கடத்திவிடுவார்கள் என்ற அச்சம் பரவியது. அந்த அச்சத்தின் நடுவேதான், எங்கே தூக்கி எறியப்பட்டாலும் தம் பெயரால் தமிழுக்கு ஒரு பணி நிற்கட்டுமென்று, திருக்குறள் முழுவதையும் சில மாதங்களில் ஆங்கிலத்தில் பெயர்த்து முடித்தார். அது 1916இல் நூலாயிற்று. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களுள் ஒன்றான குளத்தங்கரை அரசமரம் அவர் புதுச்சேரியில் இருந்த ஆண்டுகளில் பிறந்தது. பின்னர் 1921இல் சிறை சென்றபோது, கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு ஒருங்கு வைத்து ஆராயும் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அதை அச்சில் காண அவர் இருக்கவில்லை. 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. உலகப் பெருங்கவிஞர் அவையில் கம்பனுக்கு இடம் கேட்டவர் ஐயர். அவ்விடத்தை இரந்து கேட்கவில்லை, உரிமையாகக் கேட்டார்.

இத்துணைப் பெரியவரின் வாழ்வில் மூன்றாவதாக ஒரு பந்தி வருகிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது புகழுரையாகும், வரலாறாகாது. 1922இல் ஐயர் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சியில் தோன்றிச் சேரன்மாதேவிக்கு மாறிய அந்நிறுவனம் தேசியக் கல்விக்கும் தாய்மொழிக் கல்விக்கும் முன்மாதிரியாக விளங்கும் என்று பலரும் நம்பினர். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர இசைந்து, 5,000 ரூபாயை வழங்கியது. ஆனால் அங்கே பிராமண மாணவர் இருவர்க்கு மட்டும், பெற்றோர் விதித்த நிபந்தனையின்படி, தனியிடத்தில் உணவளிக்கப்பட்டது. செய்தி வெளிப்பட்டதும் நாடு கொதித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியாரும் கடுமையாக எதிர்த்தனர். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பிறப்பால் வேறுபாடு கூடாது என்பது அவர்கள் வாதம். அது நேர்மையான வாதம்.

இலண்டனில் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாய் உண்டவர் திருநெல்வேலிச் சீமையில் இரண்டு சிறுவர்களுக்குத் தனி இலை போட ஏன் இசைந்தார்? பெற்றோர்க்குத் தந்த வாக்கை மீறலாகாது என்று அவர் கருதினார். வற்புறுத்தலால் அன்றி மனமாற்றத்தாலேயே வேற்றுமை நீங்க வேண்டும் என்றும் எண்ணினார். அவருடைய மனத்தூய்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அந்த இருவரின் இலைகள் மட்டும் ஒதுங்கியிருப்பதை அன்றாடம் கண்ட மற்றப் பிள்ளைகளின் மனம் என்னவாகியிருக்கும் என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை. மன்னருக்கு உறுதிமொழி கூற மறுத்த நெஞ்சுரம், ஊராருக்குக் கூறிய வாக்கை மறுபரிசீலனை செய்ய உதவவில்லை. அயல் நகரத்தில் யாரும் நம்மை அறியார். ஆதலால் புதிய மனிதராய் அமர்தல் அங்கே எளிது. சொந்த ஊரில் ஒவ்வோர் இலைக்கும் முன்பே இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றுவதே கடினம்.

1925இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், குருகுல மாணவரோடு பாபநாசத்துக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்துக்குச் சென்றிருந்தார். மகள் சுபத்திரை நீரோட்டத்தில் தவறி வீழ்ந்தாள். அவளைக் காக்கப் பாய்ந்த தந்தையும் மீளவில்லை. அவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. இன்னும் இருபதாண்டு அவர் வாழ்ந்திருந்தால் அப்பந்தியைத் தாமே ஒன்றாக்கியிருப்பார் என்று நம்பத் தோன்றுகிறது. ஆனால் அந்த வாய்ப்பை அருவி பறித்துக்கொண்டது. அவருடைய ஊழியத்தை நன்றியோடும், அவருடைய பிழையை மறைக்காமலும் ஏற்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தின் கூட்டங்கள் கவிதையோடு தொடங்கிச் சிற்றுண்டியோடு முடிந்து வந்துள்ளன. கவிதை வாசிப்பில் நாம் யாரையும் பிரித்து வைத்ததில்லை. சிற்றுண்டியின்போது யார் எங்கே அமர்ந்தார், யார் கதவருகே நின்றே உண்டு சென்றார் என்று ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்திருக்கிறோமா? கடல் கடந்து படிக்கப் போகும் நம் பிள்ளைகள் அங்கே எல்லாரோடும் கலந்துண்டு பழகித்தான் திரும்புவர். திரும்பி வரும் நாளில் அவர்களுக்கு நம் ஊரில் எத்தகைய பந்தியை நாம் விரித்து வைத்திருப்போம் என்பதே வரகனேரியார் வாழ்வு நம்மிடம் விட்டுச் சென்ற கேள்வி.